கண்மாய்த் தண்ணீரில் பாய்ப்படகு: காரைக்குடிப் பக்கத்துக் கேள்வி ஒன்றுக்கு விரிவான பதில்

காரைக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு தந்தை கேட்டிருக்கிறார்: கோடை விடுமுறையில் சென்னைக்குப் போயிருந்தபோது, துறைமுகத்துக்குள் பிள்ளைகள் ஆளுக்கொரு சிறு படகில் பாய் விரித்து ஓட்டுவதைப் பத்து வயது மகள் பார்த்துவிட்டாள், அன்றிலிருந்து வீட்டில் அதே பேச்சு. நம் ஊரில் கடல் இல்லை, ஊருணியும் கண்மாயும்தான் இருக்கின்றன. நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஊர்க் கண்மாயில் பிள்ளைகளுக்காக ஒரு பாய்ப்படகு மன்றம் தொடங்கலாமா, அங்கே கற்ற பிள்ளை பிற்பாடு போட்டிக்குப் போக முடியுமா என்பது அவர் கேள்வி. பார்ப்பதற்குத் தண்ணீரைப் பற்றிய கேள்வி போல இருந்தாலும், உள்ளே வேறு இரண்டு கேள்விகள் இருக்கின்றன என்றே எனக்குப் படுகிறது. ஒன்று, பத்து வயதுப் பிள்ளையைத் தனியாக ஒரு படகில் ஏற்றி அனுப்புவது தகுமா என்பது. மற்றது, கடலோரத்துப் பிள்ளைகளுக்கு முன்னால் நம் பிள்ளை பின்தங்கிப் போய், போட்ட பணமும் பட்ட பாடும் வீணாகுமா என்பது. இரண்டுக்கும் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

நான் தேவகோட்டைக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரன். வேலை நிமித்தம் சென்னையில் இருந்த பதினான்கு ஆண்டுகளும் சனி, ஞாயிறுகளில் பிள்ளைகளுக்குப் பாய்ப்படகு கற்றுக்கொடுத்தேன். போட்டி நடத்தும் குழுவில் கொடி ஏற்றி இறக்கியதும், மீட்புப் படகு ஓட்டியதும் அதிகம். நானே போட்டியிட்டு வென்றது மிகக் குறைவு. ஆகவே பயிற்சி, பாதுகாப்பு, போட்டி விதி ஆகியவற்றில் நான் சொல்வதை நம்பலாம். உங்கள் ஊர்க் கண்மாயை நான் பார்த்ததில்லை, உங்கள் மகளையும் பார்த்ததில்லை. அந்த இரண்டையும் பொறுத்தவரை எதை எப்படிச் சோதிக்க வேண்டும் என்று சொல்ல முடியுமே தவிர, முடிவை நீங்கள்தான் எடுக்க வேண்டும்.

முதலில் ஐயத்துக்கு இடமில்லாததைச் சொல்லிவிடுகிறேன். பாய்ப்படகு கற்கக் கடல் கட்டாயம் இல்லை. 2023-இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில், சிறுமியருக்கான ஐ.எல்.சி.ஏ. 4 என்னும், ஒருவர் மட்டும் ஓட்டும் சிறு படகு வகையில் வெள்ளிப் பதக்கம் வென்ற நேஹா தாக்கூர் மத்தியப் பிரதேசத்துப் பெண். கடலே இல்லாத மாநிலம் அது. அவர் பயின்றது போபாலின் பெரிய ஏரியில். அந்த ஏரியோ போஜராஜன் காலத்தில் கரை கட்டித் தேக்கியதாகச் சொல்லப்படுவது. அளவைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் அதுவும் ஒரு கண்மாய்தான். ஐதராபாத்தின் உசேன் சாகரிலும் பிள்ளைகள் கற்கிறார்கள், அங்கே தேசியப் போட்டிகளும் நடக்கின்றன. ஏரியில் பழகிய பிள்ளைக்கு அலை புதிது. ஆனால் ஏரிக் காற்று கரையிலும் மரத்திலும் மோதி நிமிடத்துக்கு ஒரு முறை திசை மாறுவதால், காற்றின் போக்கைக் கவனிக்கும் பழக்கம் அந்தப் பிள்ளைகளுக்குச் சீக்கிரம் வந்துவிடுகிறது. அலையைப் பிறகு கற்றுக்கொள்ளலாம்.

உங்கள் மகள் பார்த்த படகு ஆப்டிமிஸ்ட்டாகத்தான் இருக்க வேண்டும். மூக்கு மழுங்கிய, சலவைத் தொட்டி போன்ற படகு அது. 1947-இல் அமெரிக்காவின் புளோரிடாவில் கிளார்க் மில்ஸ் என்பவர், தகப்பனும் பிள்ளையும் கொல்லைப்புறத்திலேயே ஒட்டுப்பலகையில் செய்துகொள்ளட்டும் என்று வரைந்தது. நீளம் 2.36 மீட்டர், உடற்பகுதியின் எடை 35 கிலோ, ஒற்றைப் பாயின் பரப்பு சுமார் 3.3 சதுர மீட்டர். பதினைந்து வயது வரை இதில் போட்டியிடலாம். நம் பக்கத்துத் தச்சர்கள் கதவு நிலையில் இழைக்கிற இழைப்புக்கு இந்தப் படகு பெரிய வேலையே இல்லை என்று நினைத்துக்கொள்வேன். கற்றுக்கொள்ளும் அளவுக்கு மரப்படகு போதும், ஆனால் போட்டிக்கு அளவுச் சான்று பெற்ற படகுதான் வேண்டும். ஒரு மன்றம் தொடங்க மூன்று, நான்கு பழைய படகுகளே போதும். புதுப் படகு வாங்கி நிறுத்திவிட்டுப் பிள்ளைகளைத் தேடுவது நல்ல முறை அல்ல.

இனிக் கண்மாய்க்கு வருகிறேன். ஊருணியை விட்டுவிடுங்கள், கால் கழுவக்கூட விடாத குடிதண்ணீர் ஊருணியில் படகு விட ஊர் ஒப்பாது, ஒப்பவும் கூடாது. கண்மாயில் முதலில் பார்க்க வேண்டியது ஆழம். ஆப்டிமிஸ்ட்டின் நடுவே செருகும் பலகை ஏறத்தாழ முக்கால் மீட்டருக்கும் மேல் தண்ணீருக்குள் இறங்கும். அந்தப் பலகைதான் படகு பக்கவாட்டில் ஒதுங்காமல் காற்றை எதிர்த்து ஏற வைப்பது. அது தரை தட்டாமல் இருக்க, படகு ஓடுகிற பரப்பு முழுவதும் ஒன்றேகால் மீட்டர் ஆழமாவது இருக்க வேண்டும். அதைவிட முக்கியம் தண்ணீருக்கு அடியில் என்ன கிடக்கிறது என்பது. பல ஆண்டுகளுக்கு முன், நல்ல மழை பெய்த ஒரு தை மாதத்தில், நண்பர் ஒருவரோடு சேர்ந்து இரண்டு படகுகளை எங்கள் பக்கத்துக் கண்மாய் ஒன்றில் இறக்கினோம். தண்ணீர் கண்ணாடி போலக் கிடந்தது. பத்தாவது நிமிடத்தில் ஒரு படகின் பலகை, மூழ்கிக் கிடந்த சீமைக்கருவேல மூட்டில் மோதிப் படகு கவிழ்ந்தது; நீந்தத் தெரிந்த பையன் என்பதால் ஒன்றும் ஆகவில்லை, ஆனால் கால் ஊன்றிய இடத்தில் முள் ஏறி, அதை எடுக்கத் தேவகோட்டைக்குப் போக வேண்டியதாயிற்று. தவறு முழுக்க எங்களுடையது. சித்திரையில் கண்மாய் வற்றிக் கிடக்கும்போதே நடந்து பார்த்து, மூடுகளைப் பறித்துவிட்டு, பறிக்க முடியாதவற்றின் இடத்தைக் குறித்து வைத்துக்கொள்ளாமல் தண்ணீரில் படகு விட்டது அறியாமை. மடை திறந்திருக்கும் நாளில் மடைப் பக்கமும், கண்மாய் நிரம்பி மறுகால் போகும் நாளில் மிகை நீர் வழியும் கலிங்குப் பக்கமும் பிள்ளைகளை அண்டவே விடக்கூடாது.

கண்மாயில் இறங்குவதற்கு முன் அனுமதியும் வேண்டும். பெரிய கண்மாய்கள் நீர்வளத் துறையின் பொறுப்பிலும், 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், உள்ளவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பிலும் இருக்கின்றன. மீன்பாசிக் குத்தகை எடுத்தவர் ஒருவரும் இருப்பார். வலை கட்டியிருக்கிற இடத்தில் படகு போனால் சண்டை வருவது நியாயமே. அதிகாரிகளைப் பார்ப்பதற்கு முன் குத்தகைதாரரையும் ஆயக்கட்டுக்காரர்களையும் பார்ப்பது நம் ஊர் வழக்கத்துக்குப் பொருந்தும்.

காற்றைப் பொறுத்தவரை நம் நிலத்துக்கு ஒரு சங்கடம் உண்டு. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்கிறோம்; அந்தக் காற்று அடிக்கும்போது கண்மாய் காய்ந்து கிடக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் நிறைந்த பிறகு, மார்கழி முதல் மாசி வரை தண்ணீரும் இருக்கும், வாடைக் காற்றும் மிதமாக இருக்கும். தொடக்க நிலைப் பிள்ளைகளுக்கு அதுதான் பருவம். ஆண்டுக்கு மூன்று மாதம், மழை நன்றாகப் பெய்தால் நான்கு மாதம். கரையிலும் கரை மரங்களிலும் மோதி வருகிற காற்று, அந்தத் தடையின் உயரத்தைப் போலப் பத்து மடங்கு தூரத்துக்காவது குழம்பியே இருக்கும். பத்து மீட்டர் உயரத்துக்கு மரமும் கரையும் இருந்தால், அவற்றை ஒட்டிய நூறு மீட்டர் தண்ணீர் பயிற்சிக்கு உதவாது. ஆகவே சிறிய ஏந்தல்கள் பயன்படா. அகலமான பெரிய கண்மாய்தான் வேண்டும். உங்கள் கண்மாயில் காற்று போதுமா என்பதைக் கரையில் ஒரு கம்பு நட்டு, துணி நாடா கட்டி, இரண்டு வாரம் காலையும் மாலையும் பார்த்துக் குறித்தால் நீங்களே அறிந்துகொள்ளலாம். நாடா பாதி எழும்பிப் படபடத்தால் போதும்.

கடல்தான் வேண்டுமென்றால் தொண்டி, மீமிசல், ஜெகதாப்பட்டினம் என நமக்கு எட்டும் தூரத்தில் பாக் விரிகுடாக் கரை இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். ஆழம் குறைந்த, பெரிய அலை இல்லாத கடல்தான். ஆனால் ஒன்றை நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். அந்தக் கரை கிழக்குப் பார்த்தது. வைகாசி முதல் ஆவணி வரை வீசும் கச்சான் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி அடிக்கும். கரையோரம் தண்ணீர் தட்டையாக, குளம் போலத் தெரியும், பிள்ளைகளுக்கு ஏற்ற நாள் என்று தோன்றும். உண்மையில் பிள்ளைகளுக்கு அதைவிட மோசமான நாள் கிடையாது, ஏனென்றால் கவிழ்ந்த படகும் கை ஓய்ந்த பிள்ளையும் நொடிக்கு நொடி கரையை விட்டு விலகிப் போவார்கள். தள்ளிப் போகப் போகக் காற்றும் அலையும் கூடும். வாடைக் காலத்தில் கடல் முரட்டுத்தனமாகத் தெரிந்தாலும், அந்தக் காற்று பொருளைக் கரைக்குத் தள்ளும். இரண்டுக்கும் நடுவே, பங்குனி, சித்திரையில் பிற்பகலில் எழும் கடற்காற்று தொடக்கக்காரர்களுக்கு ஏற்றது. நிலக்காற்று நாளில் மீட்புப் படகு இல்லாமல் எந்தப் பிள்ளையையும் கடலில் இறக்கக் கூடாது; இதில் எனக்கு இரண்டாம் கருத்து கிடையாது.

மீட்புப் படகைப் பற்றிச் சொல்லாமல் மன்றத்தைப் பற்றிப் பேச முடியாது. இயந்திரம் பொருத்திய ஒரு படகு, அதை ஓட்டத் தெரிந்த ஒருவர், தண்ணீரில் குதிக்கத் தயாரான இன்னொருவர் ஆகிய மூன்றும் சேர்ந்ததுதான் மன்றம், பாய்ப்படகுகள் பிறகுதான். தொடக்க நிலையில் ஆறு படகுகளுக்கு ஒரு மீட்புப் படகுக்குக் குறையக் கூடாது என்பது என் கணக்கு. கரையில் ஒரு பலகையில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வில்லை தொங்க வேண்டும். தண்ணீரில் இறங்கும்போது எடுத்துச் செல்வதும், திரும்பியதும் தானே மாட்டுவதும் பிள்ளையின் வேலை. மாலையில் ஒரு வில்லை குறைந்தால் உடனே தெரிந்துவிடும்.

நீச்சல் தெரியாமல் தொடங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். கூடாது. உடுத்திய உடையோடு ஐம்பது மீட்டர் நீந்தவும், பதறாமல் மல்லாந்து மிதக்கவும் தெரிந்த பிறகே படகில் ஏற வேண்டும். மிதவை அங்கி இருக்கிறதே என்பது சமாதானம் ஆகாது. பயிற்சியில் பிள்ளைகள் அணிகிற 50 நியூட்டன் அங்கி நீந்தத் தெரிந்தவரை மிதக்க வைக்கும், அவ்வளவே. நினைவிழந்தவரின் முகத்தை மேலே திருப்பிப் போடும் வேலையை அது செய்யாது. அளவு பெரிதாக வாங்கினால் அடுத்த ஆண்டும் உதவும் என்று நம் வீடுகளில் சொல்வதுபோல இதில் செய்துவிடாதீர்கள். தண்ணீரில் அங்கி காது வரை ஏறிவிடும், பிள்ளை கீழே நழுவும். அங்கியில் ஒரு ஊதலும் கட்டியிருக்க வேண்டும். இடி மின்னலுக்கும் ஒரு கணக்கு உண்டு: மின்னலுக்கும் இடிக்கும் இடையே முப்பது வினாடிக்குக் குறைந்தால் எல்லாரும் கரையேற வேண்டும், கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் கழியும் வரை இறங்கக் கூடாது. வெட்டவெளிக் கண்மாயில் பாய்மரத்தைவிட உயரமான பொருள் வேறு எதுவும் இல்லை.

பயிற்சியின் முதல் நாளில் படகைக் கவிழ்க்கக் கற்றுக்கொடுப்பேன். வேண்டுமென்றே கவிழ்த்து, நடுப்பலகையின் மேல் ஏறி நின்று நிமிர்த்தி, உள்ளே நிறைந்த தண்ணீரை வாளியால் இறைத்து, மறுபடி ஏறி உட்கார வேண்டும். மூன்று முறை செய்த பிள்ளைக்குப் பயம் போய்விடும். ஒரு முறையும் செய்யாத பிள்ளை ஆறு மாதம் கழித்தும் காற்றைக் கண்டு உடலை இறுக்கிக்கொண்டே இருக்கும். அதன் பிறகுதான் சுக்கானும் பாய்க்கயிறும். காற்று வரும் திசைக்கு நேரே எந்தப் பாய்ப்படகும் போகாது. இரு பக்கமும் ஏறத்தாழ நாற்பத்தைந்து பாகை விலகி, வளைந்து வளைந்துதான் ஏற முடியும் என்பதைப் பிள்ளைகள் விளக்கத்தில் புரிந்துகொள்வதில்லை. இரண்டு மிதவைகளைப் போட்டு எட்டு வடிவில் நூறு முறை சுற்றவிட்டால் கை புரிந்துகொள்கிறது. காற்று குறைந்த நாளில் அசையாமல் உட்காரவும், கூடிய நாளில் உடலை வெளியே சாய்த்துப் படகைத் தட்டையாக வைக்கவும் கற்றால் பாதி வித்தை வந்துவிட்டது. பின்காற்றில் பாய் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வீசித் திரும்பும்போது தலையைத் தாழ்த்த மறந்து ஒரு முறை பாயின் அடிக்கட்டையால் அடிபடாத பிள்ளையை நான் பார்த்ததில்லை.

போட்டிக்கு வருவோம். எல்லா நாட்டுப் பிள்ளைகளுக்கும் ஒரே விதி நூல்தான். உலகப் பாய்ப்படகுக் கூட்டமைப்பு நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை திருத்தி வெளியிடுகிறது. தடித்த நூல் என்று பயப்பட வேண்டாம், பத்து வயதுப் பிள்ளைக்கு நான்கைந்து விதி போதும். வலப்பக்கக் காற்றில் வருகிற படகுக்கு இடப்பக்கக் காற்றில் வருகிற படகு விலக வேண்டும். இரண்டும் ஒரே பக்கக் காற்றில் அருகருகே ஓடினால், காற்று வரும் பக்கத்தில் இருப்பது விலக வேண்டும். பின்னால் வருவது முன்னால் போவதை விட்டு விலக வேண்டும். திரும்பும் மிதவையிலிருந்து மூன்று படகு நீளத்துக்குள் வந்துவிட்டால் உள்பக்கம் இருப்பவருக்கு இடம் விட வேண்டும். இதைக் கற்றுக்கொடுக்க நம் வீட்டைவிட நல்ல வகுப்பறை கிடையாது. வளவில் பதித்த ஆத்தங்குடிக் கல் ஒவ்வொன்றும் ஒரு படகு நீளம் என்று வைத்துக்கொண்டு, தூண் மூலையை மிதவையாக்கி, புளியங்கொட்டைகளைப் படகாக நகர்த்துங்கள். மூன்று கல்லுக்குள் வந்ததும் யார் யாருக்கு இடம் விட வேண்டும் என்று பிள்ளையே சொல்லும். பல்லாங்குழி ஆடத் தெரிந்த ஆயா பக்கத்தில் இருந்தால் இன்னும் விரைவில் வரும். என் வீட்டில் அப்படித்தான் நடந்தது.

போட்டியைத் தொடங்கி வைப்பது துப்பாக்கிச் சத்தம் மட்டும் அன்று. ஐந்து நிமிடத்துக்கு முன் ஒரு கொடி ஏறும், நான்காம் நிமிடத்தில் இன்னொன்று ஏறும், ஒரு நிமிடம் இருக்கும்போது அது இறங்கும், பூச்சியத்தில் முதல் கொடியும் இறங்கிப் போட்டி தொடங்கும். ஓடுகிற தண்ணீரில் நிற்காத படகை, அந்த நொடியில் கோட்டின் மேல் வேகத்தோடு கொண்டுவந்து சேர்ப்பதே வித்தை. முதலிடத்துக்கு ஒரு புள்ளி, இரண்டாமிடத்துக்கு இரண்டு. பல பந்தயங்களின் கூட்டில் குறைந்த புள்ளி பெற்றவரே வென்றவர், பெரும்பாலும் மிக மோசமான ஒரு பந்தயத்தைக் கணக்கிலிருந்து விட்டுவிடுவார்கள். இந்த விளையாட்டில் எனக்குப் பிடித்தது, தண்ணீரில் விசில் ஊதும் நடுவரை நம்பி இது நடப்பதில்லை என்பது. விதியை மீறியவர் தானே இரண்டு முழுச் சுற்றுச் சுற்றித் தண்டனையை நிறைவேற்றிக்கொள்ள வேண்டும். மறுத்தால் மற்றவர் உரக்க ஆட்சேபம் சொல்லி, கரையேறிய பின் விசாரணை கேட்கலாம். ஆபத்தில் இருப்பவருக்கு உதவ வேண்டும் என்பதுதான் நூலின் முதல் விதி. வெளியாள் உதவி கூடாது என்றும் விதி உண்டு, ஆகவே கரையிலிருந்து "இழு, இழு" என்று கத்துகிற அப்பச்சிமார்கள் மகளுக்கே தீங்கு செய்கிறார்கள்.

இனி, உறுதியாகச் சொல்ல முடியாதவை. எந்த வயதில் போட்டிக்கு அனுப்புவது என்பதில் பயிற்சியாளர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. ஓராண்டு சும்மா ஓட்டி மகிழ்ந்த பிறகே போட்டி என்பது என் வழக்கம். முதல் ஆறு மாதத்திலேயே அனுப்பி நல்ல பலன் கண்டவர்களும் இருக்கிறார்கள். உடல் எடையும் ஒரு புதிர். முப்பது கிலோவுக்குக் குறைந்த பிள்ளை மென்காற்றில் பறக்கும், வன்காற்றில் படகைத் தட்டையாக வைக்கத் திணறும். அதற்காகச் சோற்றைத் திணிக்க வேண்டாம், வளர்ந்த பின் ஐ.எல்.சி.ஏ. 4, பிறகு ஐ.எல்.சி.ஏ. 6 என்று படகுதான் மாறும். எவ்வளவு தூரம் போவாள் என்பதை யாராலும் சொல்ல முடியாது. டோக்கியோ ஒலிம்பிக்கில் பாய்ப்படகில் பங்கேற்க இந்தியாவிலிருந்து தகுதி பெற்ற முதல் பெண் நேத்ரா குமணன் சென்னைக்காரர். பள்ளிப் பருவத்தில் ஒரு கோடை முகாமில்தான் தொடங்கினார். பாரிஸ் ஒலிம்பிக்குக்கு அவரும், ஹாங்சோவில் வெண்கலம் வென்ற விஷ்ணு சரவணனும் போனார்கள். ஆனால் அவர்களோடு முகாமில் தொடங்கி, பத்தாம் வகுப்பு வந்ததும் நிறுத்திவிட்டவர்கள் எத்தனையோ பேர். நான் கற்றுக்கொடுத்த பிள்ளைகளிலும் பாதிக்கு மேல் அப்படித்தான்.

ஆகவே வரிசையை மாற்றிச் செய்யச் சொல்வேன். இப்போதே மன்றம் வேண்டாம். அடுத்த கோடையில் சென்னைத் துறைமுகத்துக்குள் இருக்கும் தமிழ்நாடு பாய்ப்படகுச் சங்கம் அல்லது 1911-இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் போன்ற இடங்களில் தொடக்க நிலைப் பயிற்சி எப்போது என்று விசாரியுங்கள். காரைக்குடியில் விடியற்காலை பல்லவன் ரயிலில் ஏறினால் மதியம் எழும்பூர், உறவினர் வீட்டில் தங்கிப் பயிலட்டும். விசாரிக்கும்போது கட்டணத்தைக் கேட்பதற்கு முன், எத்தனை பிள்ளைகளுக்கு ஒரு மீட்புப் படகு, முதல் நாள் கவிழ்த்துக் காட்டுவார்களா என்று கேளுங்கள். அதற்கிடையே இந்தச் சித்திரையில் கண்மாய்த் தரையை நடந்து பாருங்கள், மகளுக்கு நீச்சல் பழக்குங்கள். முகாமிலிருந்து திரும்பியும் அவள் பேச்சு மாறவில்லை என்றால், மார்கழிக்குள் நாலைந்து குடும்பங்களைச் சேர்ப்பது கடினம் அல்ல; மீட்புப் படகுக்கு ஆள் தேடும்போது தொண்டிப் பக்கத்து மீனவர் ஒருவரைச் சம்பளத்துக்கு அமர்த்துவது நகரத்துப் பயிற்சியாளர் ஒருவரை வரவழைப்பதைவிட மேலானது.

தொண்டி, நம்புதாளைப் பக்கத்துக் கடலோர ஊர்களில் திருவிழாக்களை ஒட்டிப் பாய்மரப் படகுப் போட்டி நடக்கும்போது மகளை அழைத்துப் போய்க் காட்டுங்கள். வள்ளத்தின் குறுக்கே நீட்டிய பலகையில் ஆட்கள் காற்றுப் பக்கமாகப் போய் உட்கார்ந்து, பாய் சாய்க்கிற படகைத் தங்கள் எடையால் நிமிர்த்துவார்கள். ஆப்டிமிஸ்ட்டில் அவள் செய்யப்போகிற வேலையும் அதுதான். பலகை மட்டும் இருக்காது.